பெயர் பொறித்த கல்லும் பெயரிழந்த கையும்: கண்டி, பேராதனைக் காட்சிச்சாலைகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு பல்கலைக்கழக நகருக்குப் புதிதாக வந்துசேரும் மாணவன் அந்நகரைப் பற்றிப் பெறும் முதலறிவு பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே அவனை வந்தடைகின்றது. பேராதனையில் இப்பட்டியல் எழுதப்பட்டதன்று. மூத்த மாணாக்கரிடமிருந்து இளையோருக்கு வாய்மொழியாகக் கையளிக்கப்படுவது. தலதா மாளிகை, அதனை அடுத்துள்ள நூதனசாலைகள், பேராதனைப் பூங்கா, ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலை, நேரமும் கைப்பணமும் எஞ்சினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க ஆகிய மூன்று கோயில்கள் என்று அது செல்லும். சனிக்கிழமை காலையிற் புறப்பட்டு, விடுதியில் இராச்சாப்பாடு முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அதன் எழுதாத இறுதி விதி. நானும் முதலாம் ஆண்டில் அவ்வாறே அழைத்துச் செல்லப்பட்டேன். மூன்றாம் ஆண்டில் அவ்வாறே மற்றையோரை அழைத்துச் சென்றேன். அவ்விரு பயணங்களுக்குமிடையே மனத்தில் எழுந்த ஒரு வினாவின் விளைவே இக்கட்டுரை.

இக்காட்சிச்சாலைகள் எதனை நினைவிற் கொள்ளுமாறு நம்மைக் கேட்கின்றன என்பதே அவ்வினா. அதனை இன்னும் சற்றுக் கூர்மையாக்கலாம். ஒரு பொருளைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்துக் காட்டும்போது, அதனை உடையவராயிருந்தவரின் பெயர் சொல்லப்படுகின்றது. செய்தவரின் பெயர் சொல்லப்படுகின்றதா? நம் சங்கத்துக் கூட்டங்களில் நூதனசாலைகள் பற்றிய பேச்செழும்போதெல்லாம் அறிவிப்புப் பலகைகளிலே தமிழ் இடம்பெறாமை பற்றியும், இடம்பெற்றாலும் பிழைபட எழுதப்படுதல் பற்றியுமே நாம் வெகுண்டு பேசுவது வழக்கம். அக்குறை உண்மையானதே. ஆயின் எழுத்துப் பிழை திருத்தப்பட்ட மறுநாளே நம் குறைகளெல்லாம் தீர்ந்துவிடுமென நான் கருதவில்லை. பலகையில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதற்கு முன்னதாக, யாரைப் பற்றி எழுதப்பட்டுள்ளது என்பது ஆராயப்படல் வேண்டும்.

ஒரு சிறு இடைக்குறிப்பு: பழம்பொருள்களைச் சேமித்துவைக்கும் இல்லத்துக்கு ஈழத்தில் நாம் ‘நூதனசாலை’ என்று பெயர் வழங்குகின்றோம். நூதனம் என்பது புதுமை. பழமையின் வீட்டிற்குப் புதுமையின் பெயர் வந்தவாறு வேடிக்கையே. எனினும் இச்சொல்லை நான் விரும்புகின்றேன். தினமும் கையாண்ட ஒரு பொருள் கையைவிட்டுக் கண்ணாடிக்குள் நுழைந்ததும் நூதனமாகித்தான் போய்விடுகின்றது.

இப்பொருள் பற்றி முதலில் ஆழமாகச் சிந்தித்த ஈழத்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) ஆவர். நிலவியல் ஆய்வாளராக இந்நாட்டின் மலைப்புறங்களிலே திரிந்தபோது, கண்டிப் பிரதேசக் கைவினைஞரின் தொழில்களை அவர் நேரிற் கண்டார். அக்காட்சியின் பயனாக எழுந்தது 1908 இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூல். அந்நூலிலே பொற்கொல்லரும் தச்சரும் சித்திரகாரரும் குயவரும் நெசவாளரும் தத்தம் கருவிகளோடும் குல மரபுகளோடும், தாம் செய்த ஊழியத்துக்காக அனுபவித்த நிலங்களோடும் எழுந்து நிற்கின்றனர். பிற்காலத்தில் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் 1917 முதல் இறக்கும்வரை பணிபுரிந்த குமாரசுவாமி, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதுதான் ஏன் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்ட நூலொன்றை 1943 இல் வெளியிட்டார். நூதனசாலையிற் சம்பளம் பெற்றவர் நூதனசாலையையே கேள்விக்குட்படுத்தினார் என்பது கவனத்திற்குரியது. இன்று காட்சிப்பொருளாயுள்ளவற்றுள் மிகப் பெரும்பாலானவை காட்சிக்கென்று செய்யப்பட்டவையல்ல, வாழ்க்கையின் ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டவை. அத்தேவையை அறியாதவன் அப்பொருளையும் அறியான் என்பது அவர் கருத்தின் சாரம். இவ்வளவுகோலைக் கையிலேந்திக்கொண்டு நம் பட்டியலின் வழியே செல்லலாம்.

தலதா மாளிகையை அடுத்துள்ள கண்டித் தேசிய நூதனசாலை 1942 இல் மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அது அமைந்துள்ள கட்டடம், கண்டியரசின் இறுதிக் காலத்தில் அரசியர் வாழ்ந்த ‘பல்லே வாஹல’ எனும் மாளிகை. கட்டடமே இங்கு முதற் காட்சிப்பொருள் எனலாம். தடித்த சுவர்களும் நடுமுற்றமும் தாழ்ந்த கூரையும் நோக்குவோரைச் சற்றே குரல் தாழ்த்தச் செய்யும். உள்ளே ஆபரணங்கள், தந்த வேலைப்பாடுகள், அரக்குப் பூச்சுப் பொருள்கள், ஆயுதங்கள், ஓலைச்சுவடிகள் முதலியன வைக்கப்பட்டுள்ளன. கண்டியரசை ஆங்கிலேயர் கையில் ஒப்படைத்த 1815 ஆம் ஆண்டு மார்ச் மாத உடன்படிக்கையின் பிரதியொன்றும் உண்டு.

நம்மவர் அதிக நேரம் நிற்பது இந்தப் பிரதியின் முன்னரேயாம். உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்தையும் பயன்படுத்தினர் என்ற செய்தியை வழிகாட்டும் மூத்த மாணவன் பெருமிதத்தோடு கூறுவான். அங்கிருந்து பேச்சு நாயக்க மன்னர்களை நோக்கித் தாவும். 1739 இல் முடிசூடிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் தொடக்கம், கண்ணுச்சாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வரையிலான நால்வரின் மரபும், கடைசி மன்னன் வேலூரிற் சிறையிருந்து 1832 இல் இறந்தமையும், அரசனின் சிம்மாசனம் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1934 இல் மீண்டு வந்து இன்று கொழும்பு நூதனசாலையில் இருப்பதும் வரிசையாகச் சொல்லப்படும். இவையெல்லாம் உண்மைகளே, அறியப்பட வேண்டியவையே. ஆயின் மன்னன் எவ்வினத்தவன் என்ற வழக்கிலே நாம் செலவிடும் அரைமணி நேரத்தில், எதிர்ப் பெட்டியிலுள்ள தந்த வேலைப்பாட்டைச் செதுக்கியவன் எவ்வூரான், எந்த நிலத்தை உண்டு வாழ்ந்தான், அவன் மகன் அத்தொழிலைக் கற்றானா என்று ஒருவரும் கேட்பதில்லை. குமாரசுவாமி நூலெழுதியது அவனைப் பற்றி. நாம் பேசுவது அரசனைப் பற்றி. நூதனசாலையின் மீது குறைகூறுமுன் பார்வையாளராகிய நம் மீதும் இக்குறை உண்டென்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

தலதா மாளிகை வளாகத்தினுள்ளேயே மற்றொரு நூதனசாலை உளது. வழிபாட்டுக்குரிய காணிக்கைகளும் அரச கொடைகளும் அங்கு பேணப்படுகின்றன. 1998 ஜனவரி 25 ஆந் திகதி விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் மாளிகைக்கு நேர்ந்த அழிவைக் காட்டும் நிழற்படங்களும் அங்கே உள்ளன. அவற்றின் முன்னே ஒரு தமிழ் மாணவனால் எளிதாக நின்றுவிட முடியாது. எளிதாக நிற்கவும் கூடாது. உடைந்த கல்லையும் வீழ்ந்த சுவரையும் கண்டு மற்றையோர் மௌனமாகக் கடக்கும்போது, என்னோடு வந்த புதுமுக மாணவி ஒருவர் “இதையெல்லாம் திரும்பச் செதுக்கினது ஆர்?” என்று மெல்லக் கேட்டார். எனக்கு விடை தெரிந்திருக்கவில்லை. அன்றைய நாளிற் கேட்கப்பட்ட மிகச் சிறந்த வினா அதுவே என்று பின்னர் உணர்ந்தேன். அழித்தவரின் பெயரும் மீளமைக்க ஆணையிட்டவரின் பெயரும் வரலாற்றில் நிலைக்கின்றன. உளியைப் பிடித்தவரின் பெயரை அறிய நாம் தனியே முயலவேண்டியுள்ளது.

பேராதனைப் பூங்காவைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. காதலர்க்கும் தாவரவியலார்க்கும் உரிய அவ்விடத்தைக் கலைப்பீடத்தார் ஆராய முற்படுவது அத்துமீறலாகவும் கொள்ளப்படலாம். எனினும் நம் வினா அங்கும் நம்மைத் தொடர்கின்றது. 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் தாபிக்கப்பட்ட அப்பூங்காவிலே, புகழ்பெற்றோர் நட்ட நினைவு மரங்களின் வரிசையொன்று உண்டு. 1891 இல் ரஷ்ய இளவரசராக வந்த நிக்கலஸ் நட்ட நாகமரமும், 1961 இல் விண்வெளி வீரர் யூரி ககாரின் நட்ட மரமும் அவ்வரிசையைச் சேர்ந்தவை. ஒரு கைப்பிடி மண்ணிட்டுச் சென்றவரின் பெயர் மரத்தடியிற் பலகையாக நிற்கின்றது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீரூற்றிக் களை பிடுங்கியோர் பலர். அவர்களுக்குப் பலகை இல்லை. சாரின் அரசு வீழ்ந்தது, மரம் நிற்கின்றது. எவருடைய மரம் அது?

இனி, நேரம் எஞ்சினாற் பார்க்கலாம் என்று பட்டியலின் கடைசியில் ஒதுக்கப்பட்டுள்ள கோயில்களுக்கு வருவோம். பிலிமத்தலாவைக்கு அண்மையில், நம் விடுதிகளிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய தொலைவிலே இவை அமைந்துள்ளன. கம்பளை அரசின் காலத்தில், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344 ஆம் ஆண்டளவிற் கடலாதெனியவும் லங்காதிலகவும் எழுந்தன. ஒன்று வெறும் பாறைமீது கருங்கல்லாற் கட்டப்பட்டது. மற்றையது பாறைமுடியிலே செங்கல்லால் உயர்த்தப்பட்டது. கடலாதெனியவின் தூண்களையும் முன்மண்டபத்தையும் காணும் எவரும், தாம் ஒரு பௌத்த விகாரையின் வாயிலில் நிற்பதைச் சில கணம் மறந்து தென்னிந்தியக் கோயிலொன்றை நினைப்பர். இது தற்செயலன்று. தருமகீர்த்தி தேரரின் முயற்சியால் எழுந்த அக்கோயிலின் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்பவர் என அங்குள்ள பாறைக் கல்வெட்டே கூறுகின்றது. லங்காதிலகவைச் சேனாதிலங்கார என்ற அமைச்சர் எழுப்பினார். அதன் சிற்பாசாரியாக ஸ்தபதி ராயர் குறிப்பிடப்படுகின்றார். அங்குள்ள பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. புத்தர் சிலை உள்ளே வீற்றிருக்க, சுற்றிலும் விபீடணன், சமன், கணபதி, கந்தகுமாரன் முதலிய தெய்வங்கள் இடம்பெற்றுள்ளன.

இவற்றைத் தமிழரின் பெருமைக்குச் சான்றாக எடுத்தோதும் வழக்கம் நம்மிடையே உண்டு. நான் அதனை வேறொரு வகையில் நோக்க விரும்புகின்றேன். பதினான்காம் நூற்றாண்டிலே, அரசனும் அமைச்சனும் தேரரும் சேர்ந்து ஒரு கோயிலை எழுப்பியபோது, அதைக் கட்டிய ஆசாரியின் பெயரையும் கல்லிற் பொறிக்கத் தகுந்ததாக எண்ணினர். அவர் கடல்கடந்த மரபைச் சேர்ந்தவர், பேசும் மொழி வேறு என்பன அதற்குத் தடையாயிருக்கவில்லை. சாசனத்தில் இடம்பெறாத எண்ணற்ற கூலியாட்களும் கல்சுமந்தோரும் அன்றும் இருந்தனர் என்பது உண்மையே; அந்த யுகத்தை நாம் பொற்காலமாக்க வேண்டியதில்லை. எனினும் செய்தவனுக்கும் செய்வித்தவனுக்கும் ஒரே கல்லில் இடமிருந்தது. எம்பக்கவின் மரத்தூண்களிலே அன்னமும் மல்லரும் தாயும் சேயும் செதுக்கியவரைத் தெல்மட மூலாசாரி என்று ஊரவர் இன்றும் பெயர் சொல்லி அழைக்கின்றனர். கண்டி வாவியும் எண்கோண மண்டபமும் தேவேந்திர மூலாசாரியின் பெயரோடு நினைக்கப்படுகின்றன. அந்நியராட்சி தொடங்கும்வரை இம்மலைநாட்டிலே கைவினைக்குப் பெயர் இருந்தது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

அதன்பின் என்ன நிகழ்ந்தது? இவ்வினாவோடுதான் ஹந்தானை மலையேறித் தேயிலை நூதனசாலைக்குச் செல்ல வேண்டும்.

1925 இற் கட்டப்பட்டு, பின்னர் இயங்காது போய், 2001 இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்ட நான்கு மாடித் தொழிற்சாலை அது. தோற்றத்தில் நம் மலையகத்துத் தோட்டங்கள் எவற்றிலும் காணும் ‘ஸ்டோர்’ போன்றதே. கீழ்த்தளங்களிலே பழைய இயந்திரங்கள் துடைத்து எண்ணெயிட்டு நிறுத்தப்பட்டுள்ளன. வாட்டுதல், அரைத்தல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம்பிரித்தல் என்று கொழுந்து தூளாகும் படிமுறை முழுவதையும் இவற்றின் துணைகொண்டு விளங்கிக்கொள்ளலாம். மேலே நூலகமும் உண்டு; 1867 இல் லூல்கந்துரவிலே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுகளும், தோமஸ் லிப்டன் பற்றிய செய்திகளும் பேணப்பட்டுள்ளன. உச்சியில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறே மலைகளை நோக்கலாம். கைவிடப்பட்ட தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டு மறைந்த காலத்திலே இவற்றைத் தேடிச் சேர்த்தவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. தொழில்நுட்ப வரலாற்றைக் காட்டும் முறையில் இந்நூதனசாலை நம் பட்டியலிலுள்ள ஏனையவற்றிலும் தெளிவானது என்றே கூறுவேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் என் அம்மாயியை அங்கு அழைத்துச் சென்றேன். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பதாண்டு கொழுந்து பறித்தவர் அவர். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதே அவரது தொழிலாயிருந்ததால், தேயிலைத் தொழிற்சாலையொன்றின் உட்புறத்தை முழுமையாக அவர் கண்டது அன்றுதான். இயந்திரங்களைத் தொட்டும் தொடாமலும் மெல்ல நடந்தார். வழிகாட்டிய இளைஞர் பொறுமையாகச் சிங்களத்தில் விளக்க, நான் தமிழில் எடுத்துரைத்தேன். இயந்திரங்களின் மீது பொறிக்கப்பட்ட ஆங்கிலேயக் கம்பனிப் பெயர்களை என்னவென்று கேட்டார், சொன்னேன். எல்லாம் முடிந்து படியிறங்கும்போது, “எல்லாஞ் சரிதான்யா, கொழுந்து எங்கயிருந்து வந்துச்சுன்னு சொல்லலையே” என்றார்.

அவ்வொரு வாக்கியத்தைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது. தொழிற்சாலையை நூதனசாலையாக்கினால் வரலாறு தொழிற்சாலையின் வாயிலிலேதான் தொடங்கும். கொழுந்து அவ்வாயிலை வந்தடைவதற்கு முன் கடந்த நிரைகளும், விடியற்காலைப் பிரட்டும், இடுப்பிற் கட்டிய படங்கும், கூடையின் சுமை தலையிற் பதித்த தழும்பும் அவ்வாயிலுக்கு வெளியிலே நின்றுவிடுகின்றன. இது யாரும் திட்டமிட்டுச் செய்த மறைப்பு என்று நான் கூறவில்லை. இரும்பு நிலைத்து நிற்கும். படங்குச் சாக்கு உக்கிவிடும். உற்பத்திச் சாதனம் சேகரிக்க எளியது. உற்பத்தி உறவு பெட்டிக்குள் அடங்காதது. ஆயின் சேகரிக்க எளியவற்றை மட்டும் சேகரித்தவிடத்து, பெல்பாஸ்ற் நகரத்து இயந்திரம் வார்த்தவன் பெயர் இரும்பிலே நிலைபெற, அவ்வியந்திரத்துக்கு இரை தந்த கையின் பெயர் இல்லாதுபோவது தவிர்க்கவியலாத முடிவாகின்றது.

அக்கைகள் எவ்வாறு இங்கு வந்தன என்பது நம்மவர் அறியாததன்று. 1820களில் கோப்பிச் செய்கை கண்டி மலைகளிற் பரவத் தொடங்கியது. கங்காணிமாரின் கீழே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் கடல்கடந்து வந்து, மன்னார்க் கரையிலிறங்கி வடபுலத்துக் காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தோர் பலர். 1869 இற் கோப்பியிலை நோய் தோன்றி அச்செய்கையை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதி மேலும் பத்தாண்டு தள்ளிப்போடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிசெய்த சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. ஒப்பந்தத்திலும் இவர்கள் எண்கள்; பெயர்களல்லர்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். மரபுவழிக் கலைஞன் தன் பெயரை நாட்டுவதில் நாட்டங்கொள்ளாதவன், பெயரின்மையே அவனது பண்பு என்று குமாரசுவாமியே பலவிடத்தும் போற்றியிருக்கின்றார். அவ்வாறாயின் அவரைத் துணைக்கழைத்துக்கொண்டு பெயருக்காக வாதாடுவது முரணன்றோ? இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடக்கூடாது. ஆயின் குமாரசுவாமி போற்றிய பெயரின்மை யாருடையது என்பதை நோக்கவேண்டும். தன் தொழிலுக்கென நிலமுடையவன், குலத்தினுள்ளே தொழில் இரகசியம் கற்றவன், ஊரில் மதிக்கப்பட்டவன், தான் செய்த பொருள் எவ்வழிபாட்டுக்கு, எவ்வீட்டுக்குப் போகின்றதென அறிந்தவன். அத்தகையோன் பொருளின் மீது பெயர் பொறிக்காதது அவனது தெரிவு. ஊர் முழுவதும் அவன் பெயரை அறிந்திருந்தமையால் அது பொறிக்கப்பட வேண்டியிருக்கவில்லை எனவும் கூறலாம். நிலமின்றி, தான் பறித்த இலை எந்நாட்டுக் கோப்பையிற் கரைகின்றதென அறியாது, செக்றோலில் ஓர் இலக்கமாக நின்றவரின் பெயரின்மை தெரிவன்று, பறிப்பு. இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்குவதால் இரண்டும் ஒன்றாகிவிடா. குமாரசுவாமி பழைய கண்டியின் கைவினைஞன்மீது கொண்ட பேரன்பிலே, அதே மலைகளில் தம் காலத்திலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைப் போதியளவு நோக்கவில்லை என்பது என் துணிபு. பெரியாரிடத்துக் குறைகாண்பது இளையோர்க்குத் தகாதெனின், அவர் கற்பித்த வினாவை அவரிடமே கேட்கின்றேன் என்று கொள்க.

நம் பட்டியலில் இல்லாத ஒரு நூதனசாலை உண்டு. கம்பளைக்கு அண்மையிலே, பழைய பீகொக் தோட்டத்தின் லயமொன்றிலே, சமூக அபிவிருத்தி நிறுவகத்தினால் 2007 இல் அமைக்கப்பட்டது அது. தோட்டத் தொழிலாளர் பயன்படுத்திய வீட்டுப் பொருள்கள், தொழிற் கருவிகள், இசைக்கருவிகள், ஆவணங்கள் அங்கு சேகரிக்கப்பட்டுள்ளன. அவ்விடத்துக்குச் செல்வது எளிதன்று. பேருந்தை விட்டிறங்கி மலையேற வேண்டும். கண்டி நூதனசாலையின் ஒழுங்கையும் ஹந்தானையின் பளபளப்பையும் அங்கு எதிர்பார்த்தல் கூடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவினுள்ளே நின்று, இதனுள் ஒரு குடும்பம் சமைத்து, பிள்ளை பெற்று, மூப்படைந்து, செத்தும் போனது என்று எண்ணும்போது, காட்சிப்பெட்டி எதுவும் தேவைப்படுவதில்லை. குமாரசுவாமி வேண்டிய நிபந்தனை, அதாவது பொருள் தன் தேவையின் நடுவே இருக்கவேண்டுமென்பது, நான் கண்ட காட்சிச்சாலைகளுள் இங்குதான் நிறைவேறியுள்ளது. ஆயினும் இதற்கொரு குறையுமுண்டு. லயத்தில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். லயம் நூதனசாலையாகிவிட்டதென்பதால் லயவாழ்வு பழங்கதையாகிவிட்டதென்ற மயக்கம் நகரத்துப் பார்வையாளருக்கு ஏற்படலாம். அண்டை வீட்டுச் சிறுமி வாசலில் நின்று நம்மை வேடிக்கை பார்த்தாள். அவள் வீடும் அதே அளவினது.

பொருள்களைப் பற்றியே பேசிவந்தோம். பெட்டிக்குள் அடைபடாத கலைகளின் நிலை யாது? நம் பல்கலைக்கழகமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டொன்றைத் தந்துள்ளது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனைக்குக் கொணர்ந்து, ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றை மேடையேற்றிய வரலாறு சங்கத்தாரனைவரும் அறிந்தது. அவர் செய்தவற்றுள் நான் பெரிதென மதிப்பது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, மாணாக்கர் அவரிடத்தே நேரிற் பயில வழிசெய்தமை. கூத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணாவியாரை வாயிலில் நிறுத்திவிடவில்லை. நவீன காலத்தில் இம்மலையடிவாரத்திலே கணேஸ்வராசாரிக்குக் கிடைத்த மதிப்பு மீண்டும் ஒருவருக்குக் கிடைத்ததென்றால், அது அன்றுதான்.

ஆனால் மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை அழைத்துவந்த நாம், விடுதியின் பின்னாலுள்ள மலைக்கு அப்பால் மாசி மாதந்தோறும் காமன் கூத்து ஆடப்படுவதை எவ்வளவு காலம் கவனியாதிருந்தோம்! காமன் ஊன்றி, நாட்கணக்கிலே ஆடி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும் அச்சடங்கு மலையகத்துத் தோட்டங்களில் இன்றும் நிகழ்கின்றது. தப்பு முழங்குகின்றது, ரதியும் மன்மதனும் லயத்து வாசலெங்கும் செல்கின்றனர். அண்மைக் காலத்தில் இது பற்றிய ஆய்வுகள் தோன்றியுள்ளமை மகிழ்ச்சிக்குரியது. எனினும் புதுமுக மாணவருக்கான பட்டியலில் அது இன்னும் ஏறவில்லை. நுழைவுச்சீட்டு இல்லாத, அறிவிப்புப் பலகை இல்லாத ஒன்றைப் பார்க்கவேண்டிய இடமென நம் மனம் ஏற்பதில்லை போலும்.

அடுத்த ஆண்டு அழைத்துச் செல்வோருக்கு என் கருத்துகள் இவை. கோயில்களைக் கடைசிக்குத் தள்ளற்க. முதலிற் கடலாதெனியவுக்குச் சென்று அப்பாறையருகே நின்று, பின்னர் ஹந்தானைக்குச் செல்க. வரிசை மாறினாற் கேள்வியும் மாறும். கம்பளை லயத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குக. வரலாற்றுத் துறையிற் பயில்வோர் ஹந்தானை நூதனசாலையாரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கலாம்: தொழிலாளரின் வருகையும் பேரும் நாள்தோறும் பதியப்பட்ட பழைய செக்றோல் ஒன்றைத் தேடிப்பெற்று, அதன் ஒரு பக்கத்தை இயந்திரத்தின் அருகே விரித்து வைக்குமாறு. பெயர்கள் இல்லாமற் போகவில்லை என்பதை இங்கு வற்புறுத்துதல் வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் கணக்கப்பிள்ளை அவற்றை நாள்தோறும் எழுதினார். அரைப்பேரா முழுப்பேரா என்று குறித்தார். கூலியைக் கணக்கிடும் பொருட்டு எழுதப்பட்டனவாயினும் அவை பெயர்களே. அவ்வேடுகள் பல, மூடப்பட்ட தொழிற்சாலைகளிலும் பழைய அலுவலகங்களிலும் ஈரத்திற் கிடக்கின்றன. அவற்றைச் சேகரிப்பதும் படியெடுப்பதும் பெரும் நிதியை வேண்டி நிற்கும் பணிகளல்ல. விடுமுறைக் காலமும் பொறுமையும் உடைய பத்து மாணாக்கர் போதும்.

அம்மாயியின் தோட்டத்திலே அத்தகைய ஏடொன்றை ஓய்வுபெற்ற எழுதுவினைஞரொருவர் காட்டினார். அட்டையில்லை, ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. ஆண்டைக் குறித்த பகுதியும் போய்விட்டது. மை மங்கியிருப்பினும் உள்ளே பெயர்களிற் பெரும்பாலானவை இன்னும் வாசிக்கக்கூடியனவாகவே உள்ளன.